மூன்று பதக்கங்களும் ஒரு கேள்விக்குறியும்: இணைய ஏலக் கொள்வனவு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வின் நடுவில் இருப்பவர் ஊவாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். பண்டாரவளைக்குக் கிட்டவே வீடு. தோட்டத்துப் பழைய பொருட்களைச் சேர்ப்பது அவருடைய நெடுநாள் பழக்கம். கோப்பிக் காலத்து டோக்கன்கள், கரையான் தின்று மிஞ்சிய செக்ரோல் (வேலைக்கு வந்தோர் பதிவேடு) தாள்கள், பங்களா முற்றத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் என்று ஓர் அலமாரி நிறைய வைத்திருக்கிறார். கண்டியில் கூடும் எங்கள் நாணய, முத்திரை சேகரிப்போர் வட்டத்துக்கு அவர் நீண்டகால உறுப்பினர். வட்டத்தில் பதக்கம் பற்றி யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னிடம் அனுப்புவார்கள். இந்த விவகாரத்துக்குள் நான் வந்தது அப்படித்தான்.

2023இன் தொடக்கத்தில் வெளிநாட்டு ஏலத் தளம் ஒன்றில், இங்கிலாந்தில் இருக்கும் ஒரே விற்பனையாளரிடம் இரண்டு பொருட்களை அவர் கண்டார். ஒன்று முதலாம் உலகப் போரின் மூன்று பதக்கங்கள் கொண்ட தொகுதி. மற்றது மரப்பெட்டி. இரண்டிலும் மலைநாட்டின் பெயர் இருந்தது.

பதக்கத் தொகுதி சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோரைச் சேர்ந்த ஒருவருடையது என்றது விளம்பரம். 1900இல் அமைக்கப்பட்ட அந்தப் படையின் தலைமையகம் கண்டியில் இருந்தது. ஆட்கள் எல்லாம் தோட்டத்து வெள்ளைக்காரர்கள்; துரைமார் பட்டாளம் என்றே சொல்லலாம். 1914 ஒக்டோபரில் இதன் ஒரு பிரிவு கொழும்பிலிருந்து கப்பலேறி எகிப்துக்குப் போய் சூயஸ் கால்வாய்ப் பாதுகாப்பில் நின்றது. பிறகு அன்சாக் எனப்பட்ட ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளோடு சேர்க்கப்பட்டு துருக்கியின் கலிப்பொலிப் போர்க்களத்துக்குப் போனது. அங்கே அந்தப் படைகளின் தளபதி ஜெனரல் பேர்ட்வுட்டுக்கு மெய்க்காவல் வேலையும் பார்த்தது. போனவர்களில் பலர் பின்னர் பிரிட்டிஷ் படையில் அதிகாரிகளானார்கள். 1949இல் இலங்கைத் தரைப்படை உருவான ஆண்டிலேயே இந்தப் படை கலைக்கப்பட்டது. போனவர்களும் குறைவு, பதக்கங்களும் குறைவு. அதனால் விலையும் மதிப்பும் கூட.

கிளாக்கர் ஐயாவுக்கு அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. அவர் வேலை பார்த்த தோட்டத்து ஆபீஸ் சுவரில் ஒரு பித்தளைத் தகடு உண்டு. 1914இல் போருக்குப் போன சின்னத்துரை (உதவித் தோட்ட அதிகாரி) ஒருவரின் பெயர் அதில் இருக்கிறது. இளம் வயதில் மாதத்துக்கு ஒருமுறை அதைத் துலக்க வைத்ததே இவர்தான். விளம்பரப் படத்தில் பதக்க விளிம்பில் தெரிந்த குடும்பப் பெயரும் தகட்டில் இருந்த குடும்பப் பெயரும் ஒன்றாக இருந்தன. இங்கிலாந்தில் அது சர்வசாதாரணமான பெயர் என்பதை அவருக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. தலையாட்டினார். ஆனால் மனதில் ஏற்கெனவே வாங்கிவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

விளம்பரம் எப்படி எழுதப்பட்டிருந்தது

தலைப்பு முழுக்க உறுதி. ‘1914 ஸ்டார், மூன்று பதக்கத் தொகுதி, சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர், அன்சாக், கலிப்பொலி, மிக அரிது’ என்ற பொருளில் இருந்தது. கீழே விவரிப்பில் அந்த உறுதி அப்படியே கரைந்துபோயிருந்தது: ஒரு வீட்டுச் சாமான்களோடு வந்தவை, நான் நிபுணன் அல்ல, படங்களைப் பார்த்து நீங்களே முடிவெடுங்கள், என் அறிவுக்கு எட்டியவரை அசல்தான்.

நிபுணன் அல்ல என்று சொன்னவரின் பழைய விற்பனைகளைப் பார்த்தோம். பக்கம் பக்கமாகப் பதக்கங்கள். வாங்கியவர்களின் கருத்துகளில் கிட்டத்தட்ட எல்லாமே பாராட்டு: சீக்கிரம் வந்தது, நன்றாகப் பொதி செய்திருந்தார், நன்றி. பொருள் அசலா என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வாங்குபவர்களில் பெரும்பாலானோருக்கு அது தெரியவும் தெரியாது. இப்படிப்பட்ட பாராட்டுகள் தபால் வேகத்துக்குத்தான் சாட்சி.

படங்கள் ஐந்து. ஸ்டார், பிரிட்டிஷ் வார் மெடல், விக்டரி மெடல் என்ற மூன்று பதக்கங்களும் ரிப்பனோடு ஒரு கம்பியில் கோத்திருந்தன. முன்பக்கம் பளிச்சென்று தெரிந்தது. பிரிட்டிஷ் வார் மெடலின் விளிம்பை மட்டும் அருகில் வைத்து எடுத்திருந்தார். குடும்பப் பெயரும் படையின் பெயர்ச் சுருக்கமும் அதில் வாசிக்கக் கிடைத்தன. விக்டரி மெடலின் விளிம்பு படத்தில் இல்லை. ஸ்டாரின் பின்பக்கமும் இல்லை.

பதக்கம் பழகாதவர்களுக்கு ஒரு விளக்கம். முதலாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பேரரசு கொடுத்த இந்த மூன்றும் பெயர் பொறித்தே வழங்கப்பட்டவை. வட்டமான இரண்டிலும் எண், பதவி, பெயர், பிரிவு விளிம்பில் இருக்கும். ஸ்டாருக்கு அப்படியான விளிம்பு இல்லாததால் வெறுமையான பின்பக்கத்தில் இருக்கும். ஆக, ஒரு தொகுதி உண்மையில் ஒரே ஆளுடையதா என்று பார்க்க மூன்று இடங்களை வாசிக்க வேண்டும். விற்பனையாளர் காட்டியது ஓர் இடம்.

இன்னொரு பிசகும் இருந்தது. 1914 ஸ்டாரும் 1914-15 ஸ்டாரும் தூரத்தில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. முதலாவது 1914 ஓகஸ்ட் 5 முதல் நவம்பர் 22 வரை பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் சேவை செய்தவர்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. அதன் நடுவில் ஓகஸ்ட், நவம்பர் என்ற மாதப் பெயர்கள் ஆங்கிலச் சுருக்கமாக இருக்கும். இரண்டாவதில் வெறுமனே 1914-15. எகிப்துக்கும் கலிப்பொலிக்கும் போன தோட்டத்துரைக்கு அந்தச் சேவைக்காகக் கிடைக்கக்கூடியது இரண்டாவதுதான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இருந்ததும் 1914-15தான். தலைப்பு தவறு. ஆனால் இதை மட்டும் வைத்து ஆளை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட முடியாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் நேர்மையான விற்பனையாளர்கள் நிறைய இருக்கிறார்கள்.

அடுத்தது பெட்டி. தலைப்பில் ‘போயர் போர்க்கைதி வேலைப்பாடு? சிலோன் மரப்பெட்டி, தியத்தலாவை, 1901’ என்று இருந்தது. அந்தக் கேள்விக்குறியைக் கவனியுங்கள். நாங்கள் அப்போது கவனிக்கவில்லை. தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர்களை (டச்சு வழிவந்த குடியேறிகளை) பிரிட்டிஷார் 1900 ஓகஸ்ட் முதல் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். ஐயாயிரம் பேர் அளவில் வந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தியத்தலாவை முகாமில்தான் இருந்தார்கள். 1894இலேயே தியத்தலாவை வழியாகப் பண்டாரவளை வரை ரயில் பாதை வந்திருந்தது, ஆட்களை ஏற்றி இறக்க வசதி. முகாம்களில் பொழுதுபோகாத கைதிகள் மரத்திலும் எலும்பிலும் கொம்பிலும் சிறு பொருட்களைச் செதுக்கி விற்றார்கள். பெட்டி, கைத்தடி, புகைக்குழாய் போன்றவை. இன்று அவற்றைத் தேடுவோர் உலகம் முழுக்க இருக்கிறார்கள். தியத்தலாவைக்குப் பக்கத்தில் பிறந்த ஒருவருக்கு அந்தத் தலைப்பைத் தாண்டிப் போவது கஷ்டம்.

ஏலத்துக்கு முன் எடுத்த முடிவுகள்

பொருளை நேரே இலங்கைக்கு எடுப்பதில்லை என்பது முதல் முடிவு. அந்த நாட்களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் முழுதாக நீங்கியிருக்கவில்லை. சுங்கத்தில் பதக்கம் என்றால் என்ன, எதற்கு என்று விளக்கிக்கொண்டு நிற்க கிளாக்கர் ஐயாவுக்கு விருப்பமில்லை. அவருடைய தங்கையின் மகன் இங்கிலாந்தில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறார். அவருடைய கணக்கில், அவருடைய முகவரிக்கு எடுப்பது என்று தீர்மானித்தார்கள். செலவு குறைந்த வழிதான். வாங்குபவரும் பொருளைப் பார்ப்பவரும் வேறு வேறு ஆளாகிவிடுவது அதன் குறை.

இரண்டாவது, ஏலம் கேட்கும் முன் விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்பது. இதை வற்புறுத்தியது நான். மருமகன் தொலைபேசியில் பேசிவிடலாம் என்றார். வேண்டாம், தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே கேளுங்கள் என்றேன். கேள்வியையும் மூவரும் சேர்ந்து எழுதினோம். ‘இவை அசலா?’ என்று கேட்டால் ‘என் அறிவுக்கு எட்டியவரை’ என்ற அதே பதில்தான் வரும். ஆம், இல்லை என்று மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். கடைசியில் அனுப்பியது இதுதான்: ஸ்டாரின் பின்பக்கத்திலும் மற்ற இரண்டின் விளிம்பிலும் ஒரே எண்ணும் ஒரே பெயரும் ஒரே படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கின்றனவா? அவற்றின் படம் அனுப்ப முடியுமா?

இந்தக் கேள்வியிலும் ஓர் ஓட்டை உண்டு. பின்னாளில் அதிகாரியானவர் என்றால் ஸ்டாரில் பழைய பதவியும் பிரிவும் இருக்கும். வட்டப் பதக்கங்களில் அதிகாரிப் பதவியும் பெயரும் மட்டும் இருக்கும், பிரிவு இருக்காது. அப்படியானால் நேர்மையான விற்பனையாளரும் ‘இல்லை’ என்றே சொல்வார். பரவாயில்லை, அப்படி ஒரு ‘இல்லை’ வந்தால் அதையே சந்தோஷமாக விசாரிக்கலாம் என்று விட்டோம்.

அடுத்த நாள் பதில் வந்தது. ஆம், மூன்றும் அதே ஆளுக்குரியவை, அதே பெயர், அதே படை. கமெரா சரியில்லை, மன்னிக்கவும்.

படம் வரவில்லை என்பதால் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. கிளாக்கர் ஐயா வேறு மாதிரி யோசித்தார். “அந்த மனுசன் எழுத்துல ‘ஆம்’ன்னு குடுத்துட்டாரு. செக்ரோல்ல கைநாட்டு வச்ச மாதிரிதான் அது. பிறகு இல்லைன்னு சொல்ல ஏலாது.” நாற்பது வருடம் பதிவேட்டோடு வாழ்ந்தவரின் நியாயம் அது. பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது அவர் சொன்னதில் பாதிக்கு மேல் சரி.

பெட்டியைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. விலை குறைவு, அடிப்பக்கத்தில் ‘தியத்தலாவை 1901’ என்று ஆங்கில எழுத்தில் செதுக்கியிருப்பது படத்தில் தெளிவாகத் தெரிந்தது, கேட்க என்ன இருக்கிறது என்று விட்டார்கள்.

பதக்கங்கள் 260 பவுணுக்கும் பெட்டி 95 பவுணுக்கும் வந்தன. பதக்கங்கள் மட்டுமே இலங்கைக் காசில் ஒரு இலட்சத்துக்கு மேல்.

பொதி பிரித்தபோது கண்டது

இரண்டும் ஒரே பொதியில் வந்து சேர்ந்தன. மருமகனுக்கு இரவு வேலை. பொதி அலுமாரிக்கு மேலேயே கிடந்தது. தளத்தின் விதிப்படி விவரிப்புக்கு மாறான பொருளைப் பற்றி முறையிட 30 நாள் அவகாசம். அது ஓடிக்கொண்டிருப்பது இங்கிருந்த எங்களுக்குத்தான் உறுத்தியது. கிளாக்கர் ஐயா விடாமல் கோல் எடுத்து, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிக்க வைத்தார். படங்கள் வாட்ஸ்அப்பில் வந்து இறங்கின.

ஸ்டாரின் பின்பக்கம்: ரோயல் பீல்ட் ஆர்ட்டிலறி என்ற பீரங்கிப் படையின் டிரைவர் (பீரங்கி இழுக்கும் குதிரைகளை ஓட்டுபவர்) ஒருவர். அதே குடும்பப் பெயர். சிலோன் என்ற சொல்லே இல்லை.

விக்டரி மெடலின் விளிம்பு: அதே எண், அதே டிரைவர், ரோயல் ஆர்ட்டிலறி. இது எதிர்பார்க்கக்கூடியதே, பீரங்கிப் படையினரின் வட்டப் பதக்கங்களில் பிரிவு அப்படிப் பொதுவாகவே குறிக்கப்படும்.

பிரிட்டிஷ் வார் மெடல், அதாவது படத்தில் காட்டப்பட்ட அந்த ஒன்றில் மட்டும் சிலோன் படை.

முதலில் தோன்றிய விளக்கம், வேறு வேறு ஆட்களின் பதக்கங்களைக் குடும்பப் பெயர் ஒற்றுமையை வைத்து யாரோ கோத்துவிட்டார்கள் என்பது. அது நடக்கிற காரியம்தான். ஆனால் விளிம்பின் படம் ஏதோ சரியில்லாமல் இருந்தது. எழுத்துகள் ஒரே கோட்டில் நிற்கவில்லை. ஒன்றிரண்டு மற்றவற்றைவிட ஆழமாக இறங்கியிருந்தன. மருமகனை ஹார்ட்வெயார் கடையில் ஒரு இடுக்கிமானி வாங்கச் சொன்னோம். இந்த வெள்ளிப் பதக்கத்தின் விட்டம் 36 மில்லிமீற்றர். பெயர் இல்லாத பக்கங்களைப் பிடித்து அளந்தபோது அந்த அளவு வந்தது. பெயர் இருக்கும் வளைவைப் பிடித்து அளந்தபோது கால் மில்லிமீற்றருக்கு மேல் குறைந்தது. விக்டரி மெடலும் 36 மில்லிமீற்றர்தான். அதில் எங்கே அளந்தாலும் வித்தியாசம் இல்லை. ஒருவர் ஓரத்தை அரத்தால் தேய்த்துப் பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார் என்பதற்கு இதைவிடப் பெரிய அடையாளம் தேவையில்லை. மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து எடுத்த படத்தில் ஓரெழுத்தின் கால், தேய்த்தும் போகாமல், ஒரு மயிரிழை போல மிஞ்சியிருந்ததும் தெரிந்தது.

லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்க அட்டவணை அட்டைகளை இணையத்தில் தேடலாம். ஸ்டாரில் இருந்த எண்ணைக் கொண்டு தேடியதும் டிரைவரின் அட்டை கிடைத்தது. மூன்று பதக்கங்களுக்கும் உரியவர் என்று அதில் இருந்தது. அதோடு படம் முழுமையாகிவிட்டது. மூன்றும் பெரும்பாலும் அந்தப் பீரங்கிப்படை டிரைவர் ஒருவருடையவையே. அப்படியே விற்றால் சில பத்துப் பவுண் கிடைக்கும் சாதாரணத் தொகுதி. மூன்றில் ஒன்றை மட்டும் தேய்த்து, அதை மட்டும் படமெடுத்து, சிலோன் தொகுதியாக்கியிருக்கிறார்கள். தேய்த்தது இவரா, இவருக்கு முன் கைமாற்றியவரா என்பது எங்கள் முறைப்பாட்டுக்குத் தேவைப்படவில்லை. மற்ற இரண்டையும் படமெடுக்காமல் விட்டதும், கேட்டபோது ‘ஆம்’ என்று எழுதியதும் இவர்.

எனக்கு இதில் அதிகம் உறுத்துவது பண நஷ்டம் அல்ல. யாரோ ஒரு குதிரை வண்டிக்காரச் சிப்பாயின் பெயரை அரம் போட்டு அழித்துவிட்டார்கள். அவருடைய ஸ்டாரும் விக்டரி மெடலும் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும்போது.

பெட்டி கதை வேறு. படத்தைப் பார்த்தவுடன் கிளாக்கர் ஐயாவே சொல்லிவிட்டார்: “இது பங்களாவுல இருந்த முள்ளுப்பெட்டி மாதிரியில்ல இருக்கு!” கருங்காலிச் சட்டத்துக்குள் முள்ளம்பன்றி முட்களை வரிசையாக அடுக்கி, சட்டத்தில் வெள்ளைப் புள்ளிகள் பதித்து, மூடியின் உட்புறத்தில் பலவகை மரத்துண்டுகளை இழைத்த பெட்டி. காலியில் கைவினைஞர்கள் செய்து கப்பல் பயணிகளுக்கு விற்ற பிரபலமான சரக்கு அது. பழையது, அழகானது, இலங்கையில் செய்தது. போயர் கைதிக்கும் அதற்கும் தொடர்பு இருக்க வேண்டிய அவசியமில்லை. கைதி ஒருவர் கடையில் வாங்கி அடியில் முகாம் பெயரைச் செதுக்கியிருக்கக்கூடாதா என்றால், கூடும். ஆனால் செதுக்கலுக்குள் மரம் வெளிர் நிறமாக, புதுசாக இருந்தது. சுற்றிலும் நூறு வருட அழுக்கும் கீறல்களும். ஒரு நீளமான பழைய கீறலை எழுத்து குறுக்கே வெட்டிக்கொண்டு போனது, கீறல் எழுத்தை வெட்டவில்லை. முந்தியது கீறல், பிந்தியது எழுத்து.

முறைப்பாடு: எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது

இங்கேதான் அதிக நேரம் பேசினோம். மருமகன் கொதித்துப்போய் ‘போலி’ என்று முறையிடச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். போலி என்று சொன்னால் அதை நிரூபிக்கும் சுமை நம் தலையில் விழும். நிபுணர் கடிதம் கேட்பார்கள். விற்பனையாளர் வேறொரு நிபுணரைக் காட்டுவார். தளத்தில் முறைப்பாட்டை வாசிப்பவருக்கு 36 மில்லிமீற்றரும் அரமும் ஒரு பொருட்டே அல்ல. ‘விவரிப்புக்கு மாறானது’ என்று போட்டால் போதும்: ஸ்டாரின் பின்பக்கப் படம், விற்பனையாளரின் ‘அதே ஆள், அதே படை’ என்ற பதில். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் பதக்கம் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் விளங்கும். விளம்பரப் படிவத்தில் ‘அசல்’ என்ற கட்டத்தை அவர் தெரிவு செய்திருந்ததையும் சேர்த்தோம். தேய்ப்பு பற்றி ஒரே வரி, அதுவும் கடைசியில்.

சட்டமும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் நிற்கிறது. இங்கிலாந்தில், தனியாள் விற்றால் 1979ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டப்படியும், வியாபாரி நுகர்வோருக்கு விற்றால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படியும், விவரித்து விற்ற பொருள் விவரிப்போடு பொருந்த வேண்டும். விற்பவர் வியாபாரியா தனியாளா என்பது அதற்குக் கணக்கில்லை. தரம் பற்றிய பொறுப்புத்தான் வியாபாரிக்கு மட்டும் உரியது. நமது 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் பழைய ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றியதுதான், அங்கேயும் இந்த விதி உண்டு. ‘நிபுணன் அல்ல’ என்று எழுதுவதால் ‘அதே படை’ என்று எழுதியது அழிந்துவிடாது.

பதக்கங்களைத் துடைக்கவோ கம்பியிலிருந்து கழற்றவோ வேண்டாம் என்று மருமகனிடம் கண்டிப்பாகச் சொன்னோம். வந்த நிலையில்தான் திரும்பிப் போக வேண்டும். இடையில் அவர் ஒரு யோசனை சொன்னார்: இந்த முறைப்பாடு, அலைச்சல் எல்லாம் எதற்கு, அதே விவரிப்போடு நாமும் ஏலத்தில் போட்டுவிட்டால் போட்ட காசு வந்துவிடுமே. கிளாக்கர் ஐயா ஒரே வாக்கியத்தில் முடித்தார். “நமக்குத் தெரியாம வாங்குனோம், தெரிஞ்சு விக்கிறதா மருமகன்?”

பெட்டிக்கு முறைப்பாடு போடவில்லை. தலைப்பில் கேள்விக்குறி. விவரிப்பில் ‘அடியில் இவ்வாறு செதுக்கப்பட்டுள்ளது’ என்ற வரி, அது உண்மை. ‘சிலோன் பெட்டி’, அதுவும் உண்மை. கைதி செய்தது என்று எந்த இடத்திலும் உறுதியாகச் சொல்லவில்லை. பெட்டி, ஊர்ப் பெயர், ஆண்டு, போயர் என்ற சொல் ஆகியவற்றைப் பக்கம் பக்கமாக வைத்துவிட்டு முடிச்சுப் போடும் வேலையை வாங்குபவரிடம் விட்டிருந்தார். கேட்டிருந்தால் ஏதாவது ஒரு பதில் சொல்லியிருப்பார். அது நம் கையில் இருந்திருக்கும்.

பின்னர் நடந்தவை

விற்பனையாளரின் முதல் பதில் இனிமையாக இருந்தது. தவறு நேர்ந்துவிட்டது, 60 பவுண் திருப்பித் தருகிறேன், பதக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள், முறைப்பாட்டை மூடிவிடுங்கள். மருமகனுக்கு ஆசைதான். அதை ஏற்றால் விவகாரம் மூடிவிடும்; மீதிக் காசு கேட்க வழியில்லை, பெயர் மாற்றிய பதக்கமும் நம்மிடமே தங்கும். மறுத்தோம்.

இரண்டாவது பதிலில் இனிமை இல்லை. நான் அனுப்பியது சிலோன் தொகுதி, வாங்கியவர் மாற்றிவிட்டுக் கதை சொல்கிறார் என்றார். பிரிக்கும்போது காணொளி எடுத்திருக்கவில்லை. அவருடைய விளம்பரப் படங்களே கைகொடுத்தன. விக்டரி மெடலின் முன்பக்கத்தில் சிறகு விரித்து நிற்கும் உருவத்தின் இடது சிறகில் ஒரு சிறு நசுங்கல். ஸ்டாரின் ஒரு முனையில் பச்சை பிடித்த புள்ளி. இரண்டும் விளம்பரப் படத்திலும் நம் படத்திலும் அச்சொட்டாக அதே இடத்தில் இருந்தன. வட்டம் போட்டு அனுப்பினோம். முன்பக்கம் அதே பதக்கம் என்றால் பின்பக்கம் மட்டும் மாறியிருக்க முடியாது.

தளம் வாங்கியவர் பக்கம் தீர்த்தது. திருப்பி அனுப்பும் தபால் செலவும் விற்பனையாளருக்கு. பதிவுத் தபாலில் போய்ச் சேர்ந்ததும் 260 பவுணும் கணக்குக்கு வந்தது. முதல் தபால் கூலி போனது போனதுதான்.

பெட்டி இன்னும் மருமகன் வீட்டில் இருக்கிறது. விற்றுவிடலாம் என்று பார்த்தபோது வேறொரு சிக்கல் முளைத்தது. அந்த வெள்ளைப் புள்ளிகள் எலும்பா யானைத் தந்தமா? தந்தம் என்றால், 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த பிரிட்டனின் தந்தச் சட்டப்படி சும்மா விற்க முடியாது. 1947க்கு முன் செய்ததாகவும் தந்தம் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாகவும் இருந்தால் பதிவு செய்துதான் விற்கலாம். நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கு வேறு அனுமதி. விற்பனையாளரின் விவரிப்பில் ‘வெள்ளைப் புள்ளி அலங்காரம்’ என்று மட்டும் இருந்தது. சொல்லாமல் விட்டதிலும் கெட்டிக்காரர். இப்போது அதில் மருமகனின் பிள்ளைகள் பென்சில் போட்டு வைக்கிறார்கள்.

சில மாதம் கழித்து அந்த வெள்ளிப் பதக்கம் வேறொரு கணக்கில் ஏலத்துக்கு வந்தது. இந்த முறை ஸ்டாரும் விக்டரி மெடலும் இல்லை, ஒற்றைப் பதக்கம். ‘விளிம்பில் உள்ளபடி சிலோன் படை, பார்த்தபடி விற்பனை’ என்று இருந்தது. அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. விளிம்பில் அப்படித்தான் இருக்கிறது. ஆழமாக இறங்கிய அதே எழுத்துகளை வைத்து அடையாளம் கண்டு, பழைய படங்களோடு தளத்துக்கு அறிவித்தோம். ஏலம் முடியும் முன் விளம்பரம் நீக்கப்பட்டது.

வட்டத்தில் மாற்றியவை

உறுப்பினர் ஒருவர் வெளிநாட்டு ஏலத்தில் பெயர் பொறித்த பதக்கம் எடுப்பதானால், பொறிப்பு இருக்கும் ஒவ்வொரு இடத்தின் படமும் வந்தாக வேண்டும். வராவிட்டால் சாதாரணத் தொகுதிக்கு உள்ள விலைக்கு மேல் கேட்பதில்லை. கமெரா சரியில்லை என்பதை இனி யாரும் காரணமாக ஏற்பதில்லை. அதே கமெராவில் விளம்பரத்தின் ஐந்து படங்களும் நன்றாகத்தானே வந்திருந்தன.

விலை குறைந்த பொருளுக்கும் எழுத்தில் கேள்வி போகிறது. தலைப்பில் கேள்விக்குறியோ, ‘பாணி’, ‘காலத்தது’, ‘நம்பப்படுகிறது’ போன்ற சொற்களோ இருந்தால் அந்தச் சொல்லையே தொட்டுக் கேட்கிறோம்: கைதி செய்தது என்று நீங்கள் சொல்கிறீர்களா, இல்லையா? பாதிப் பேர் பதில் எழுதுவதில்லை. அதுவே பதில்.

விளம்பரப் பக்கத்தை, படங்களோடு, ஏலம் கேட்கும் முன்பே சேமித்துவிடுகிறோம். விற்றபின் சிலர் மாற்றிவிடுகிறார்கள். பொருளை வேறு ஆள் வாங்கி வைப்பதானால், வந்த அன்றே காணொளி எடுத்தபடி பிரிக்க அவரால் முடியுமா என்று முதலில் கேட்கிறோம். இரவு வேலைக்காரர் என்றால் வேறு முகவரி.

குடும்பப் பெயரை வைத்து ஆளை முடிவு செய்வது பற்றி மட்டும் விதி எதுவும் எழுதவில்லை. எழுதினாலும் யாரும் கடைப்பிடிக்கப் போவதில்லை. கிளாக்கர் ஐயா இப்போது அந்தச் சின்னத்துரையின் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறார். எண் கையில் இருந்தால் அடுத்த முறை பெயரை நம்பத் தேவையில்லை என்கிறார். இதற்கிடையில் அவர் எடுத்தது ஒரு கோப்பித் தோட்ட டோக்கன். ஓரத்தின் படம் கேட்டு வராததால் இரண்டு ஏலங்களை விட்டுவிட்டு, கேட்காமலே ஓரத்தைக் காட்டியிருந்த மூன்றாமவரிடம் கொஞ்சம் கூடுதல் விலைக்கு வாங்கினார்.